உளுந்தூர்பேட்டையில் ஒரு வாய்தா நாள்

சென்னையிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு உளுந்தூர்பேட்டை என்றால் சேலம் ரோடு பிரிகிற ஊர். பத்து நிமிஷ டீ. அவ்வளவுதான்! அந்த ஊரில் ஒரு கோர்ட் இருப்பதும், ரோட்டில் நடந்ததெல்லாம் சில வருஷம் கழித்து அங்கே வந்து உட்கார்ந்திருப்பதும் பஸ் ஜன்னலிலிருந்து தெரியாது.

வக்கீல் நண்பர் ஒருவரோடு போனேன். வராந்தாவில் நிற்க இடமில்லை. "காக்கிச் சட்டையில தொப்பி இருந்தா போலீஸ், இல்லேன்னா டிரைவர்" என்று அடையாளம் சொன்னார் நண்பர்.

டிரைவர்கள் பெரும்பாலும் 304-ஏ. அஜாக்கிரதையாக ஓட்டி உயிர்ச்சேதம் விளைவித்த குற்றம். மோட்டார் வண்டியே இல்லாத 1870-ல் சட்டத்தில் ஒட்டுப் போட்ட பிரிவு இது! அதிகபட்சம் 2 வருஷ ஜெயில். 2024 ஜூலை 1 முதல் நடக்கிற விபத்துகளுக்குப் புதுச் சட்டத்தின் 106-வது பிரிவு, 5 வருஷம் வரை. இடித்துவிட்டுச் சொல்லாமல் ஓடினால் 10 வருஷம் என்றும் எழுதியிருந்தார்கள். 2024 ஜனவரியில் லாரிக்காரர்கள் பல மாநிலங்களில் ஸ்டிரைக் செய்ய, சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

உள்ளே ஒரு 304-ஏ. இறந்தவர் மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர், மோதியது லாரி. கூண்டில் டீக்கடைக்காரர்.

"வண்டி வேகமா வந்துச்சுங்க."

"எவ்வளவு வேகம்?"

"ரொம்ப வேகமுங்க."

"அப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"டீ ஆத்திக்கிட்டு இருந்தேனுங்க."

"மோதினதைப் பார்த்தீங்களா?"

"சத்தம் கேட்டுத்தாங்க திரும்பினேன்."

கோர்ட்டில் சிரிப்பு. "கேஸ் பாதி போச்சு" என்றார் நண்பர் காதருகில். வேகம் என்று மட்டும் சொன்னால் போதாது, அதில் அஜாக்கிரதை எங்கே என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும் என 1998-ல் ஒரு கர்நாடக லாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறதாம்.

எதை வைத்துக் காட்டுவது? இந்தக் கட்டில் இருந்தது போலீஸ் போட்ட மாதிரி வரைபடம். ரெண்டு கோடு, ஒரு பெருக்கல் குறி. எத்தனை அடிக்கு டயர் தேய்ந்தது என்ற கணக்கு இல்லை. அப்புறம் பிரேக் இன்ஸ்பெக்டர் சான்றிதழ் – இயந்திரக் கோளாறு இல்லை என்று. பிரேக் நிரபராதி, சரி, டிரைவர்? டிராஃபிக் நிற்கிறதே என்று வண்டிகளை அவசரமாக ஓரங்கட்டுகிறார்கள். சாட்சியமும் கூடவே ஓரம் போய்விடுகிறது. குற்றம் கோர்ட்டில் இல்லை, அந்த முதல் ஒரு மணி நேரத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர். இறந்த பையனின் அப்பா. இழப்பீட்டு வழக்கு தனி; அது லோக் அதாலத்தில் எப்போதோ முடிந்து பணம் வந்துவிட்டது. இந்த வழக்கில் அவர் சாட்சி சொல்லியும் முடிந்தாயிற்று. ஆனாலும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரெண்டு பஸ் மாறி வருகிறார்.

"பணம்தான் வந்துடுச்சே, எதுக்குப் பெரியவரே அலையறீங்க?"

"எம் பையன்தான் குறுக்க வந்தான்னு அவங்க வக்கீல் கேட்டாரு தம்பி. அப்படி இல்லேன்னு ஜட்ஜய்யா வாயால ஒரு வார்த்தை வந்தாப் போதும்."

டிரைவர் பத்தடி தள்ளி நின்றிருந்தார். வாய்தாவுக்கு வந்தால் அன்றைய சம்பளம் கிடையாது. லாரி முதலாளி எட்டிப் பார்ப்பதில்லை.

"என்னைப் பார்த்தா எந்திரிச்சு நிப்பான். பேச மாட்டான். நானும் பேசறதில்ல" என்றார் பெரியவர்.

விசாரணை அதிகாரி வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார், அன்று வரவில்லை. வழக்கு அடுத்த மாதம் 14-க்குப் போனது. பெரியவர் பஸ் டிக்கெட்டை நீட்டி, பின்னால் தேதி எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

"அன்னிக்கு கோர்ட் லீவு கிடையாதே, தம்பி?"