வறண்ட செபம்

ஆகஸ்ட் 22, காளிகாட்

நிர்மல் ஹிருதய் இல்லம் தொடங்கிய நாள் இன்று. 1952-ல், காளி கோயிலை ஒட்டி யாத்ரீகர்கள் தங்கிப்போன சத்திரத்தில், தெருவில் சாகக் கிடந்தவர்களுக்கு அன்னை தெரசா இடம் கொடுத்தார். கோயிலடியில் கிறிஸ்தவர்களுக்கு என்ன வேலை என்று எதிர்ப்பு கிளம்பியது. யாரும் சேர்த்துக்கொள்ளாத காசநோயுற்ற பூசாரி ஒருவரைச் சகோதரிகள் எடுத்துப் பராமரித்த பிறகே அது தணிந்தது என்பார்கள்.

தொண்டு செய்ய வந்த எனக்கு இங்கே துவைக்கும் வேலை. நனைந்த கம்பளிப் போர்வையை ஒற்றை ஆளால் பிழிய முடியாது. இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரெதிராக முறுக்க வேண்டும். என் அம்மா இறந்ததிலிருந்து செபம் வாயோடு நின்றுவிடுகிறது. கைக்கு வேலை இருப்பது நல்லதாக இருக்கிறது.

ஆகஸ்ட் 26

மதர் தெரசாவின் பிறந்த நாள். 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் போகும் ரயிலில், ஏழைகளுக்காக உழைக்கும்படி அவருக்குக் கடவுளின் அழைப்பு வந்தது. அழைத்தவரோ, வேலை தொடங்கியதும் மறைந்துகொண்டார். 2007-ல் அவருடைய கடிதங்கள் நூலாக வந்தபோதுதான், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவர் உள்ளுக்குள் இருளோடு வாழ்ந்தது உலகத்துக்குத் தெரிந்தது. ஆறுதல் எதுவும் கிடைக்காமலே விடியுமுன் எழுந்து முழந்தாளிட்டிருக்கிறார். பிறகு புண் கழுவப் போயிருக்கிறார்.

1961 வாக்கில் ஜோசப் நொய்னர் என்ற இயேசு சபைக் குரு அவருக்கு வழிகாட்டினார்: இது உங்கள் குற்றமல்ல, கடவுளுக்காக ஏங்கும் அந்த ஏக்கமே அவர் உங்களுக்குள் இருப்பதற்கு அடையாளம். அதன்பின் இருள் விலகவில்லை. ஆனால் மதர் அதனோடு மல்லுக்கட்டுவதை விட்டார். சிலுவையில் கைவிடப்பட்டவரோடு தானும் நிற்பதாக அதை ஏற்றுக்கொண்டார்.

ஆகஸ்ட் 30

மாஷி என்று நாங்கள் அழைக்கும் மூதாட்டி ஒருவருக்குச் சோறூட்டினேன். பருப்புச்சோற்றைக் கூழாகப் பிசைந்து, ஒரு வாய் கொடுத்துவிட்டுத் தொண்டை அசையும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் புரையேறிவிடும்.

1994-ல் லான்செட் இதழில் ராபின் ஃபாக்ஸ் இந்த இல்லத்தைப் பற்றி எழுதினார். இங்கிருந்த அன்பையும் தூய்மையையும் பாராட்டியவர், கடும் வலிக்கு உரிய மருந்து இல்லாததைக் கண்டித்தார். அந்தக் கண்டனத்தைக் கிறிஸ்தவர்கள் மனத்தில் இருத்த வேண்டும். அடுத்தவர் வலியைப் பார்த்து, 'இது உன்னைப் புடம்போடும்' என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. இயேசு நோயாளியிடம் நோயைப் புகழவில்லை, குணமாக்கினார். கெத்சமனியில் தமக்கு வந்த துன்பக் கிண்ணத்தையும் அகற்றும்படிதான் முதலில் மன்றாடினார். தணிக்க முடிந்த வலியைத் தணிப்பது நம் கடமை. தணிக்க முடியாததில்தான் பொறுமை தொடங்குகிறது.

செப்டம்பர் 5

1997-ல் மதர் இறந்த நாள். இன்று அவருடைய திருவிழா. திருப்பலியில் எனக்குள் பெரிதாக எதுவும் நிகழவில்லை. அது இப்போது பயமாக இல்லை.

உரோமையருக்கு எழுதும் பவுல், துன்பத்திலிருந்து எதிர்நோக்குக்கு நேர்வழி காட்டவில்லை. நடுவில் பொறுமையை வைக்கிறார். துன்பம் தானாக யாரையும் வளர்த்துவிடாது. அதில் கசந்துபோனவர்களும் உண்டு. உணர்வு வற்றிய பிறகும் செபத்தையும் பக்கத்திலிருப்பவரையும் விடாமலிருப்பதே மனிதரை வளர்க்கிறது. திருப்பாடல் 88 இருளிலேயே முடிகிறது. ஆனாலும் அதைப் பாடியவர் கடைசி வரை கடவுளிடம்தான் பேசுகிறார். விசுவாசத்துக்கு அவ்வளவு போதும் என்று நம்புகிறேன்.