டிக்கெட் இல்லாத பயணி

வயது ஏழு மாதம். எடை ஆறு கிலோ எண்ணூறு கிராம். கையில் டிக்கெட் கிடையாது. இப்படி ஒரு பயணியோடு 2023 ஆகஸ்டில் மெட்ராஸ் போய் வந்தேன். வேறு யார், என் மகள்தான்!

ஐந்து வயதுக்குள் இருந்தால் ரயிலில் இலவசம். ஆனால் சீட் தரமாட்டார்கள். வேண்டுமென்றால் முழுக் கட்டணம். 'மடியில வெச்சுக்கலாம், எதுக்கு வீண் செலவு?' என்று என் பி.காம். மூளை கணக்குப் போட்டது. கணக்கு தப்பு என்பது அரியலூர் வருவதற்குள் தெரிந்துவிட்டது.

ஊர் சுற்றப் போகவில்லை ஸார். தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் ரொம்ப நேரம் எடுக்கவேயில்லை. "ஹார்ட்ல ஒரு சத்தம் கேக்குது. மெட்ராஸ்ல ஒரு தடவை காட்டிடுங்க" என்றார். அண்ணா நகரில் ஸ்பெஷலிஸ்ட். மதியம் இரண்டரைக்கு அப்பாயின்ட்மென்ட்.

மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்களின் நெல் வேகும் வாசனையோடு விடியற்காலையில் ஆட்டோ ஏறினோம். நம்பர் ஒன் டோல்கேட், கொள்ளிடம் பாலம், ஸ்ரீரங்கம் ஸ்டேஷன், பல்லவன் எக்ஸ்பிரஸ். கிளம்பின கொஞ்ச நேரத்திலேயே ரயில் அதே கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே போனது. "மறுபடி நம்ம ஊர்ப் பக்கமே போகுதே... பேசாம வீட்டுக்குப் போயிடலாமாங்க?" என்றாள் மனைவி. சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

லால்குடி தாண்டியதும் மகள் ஆரம்பித்தாள். வீல்! பசி. செகண்ட் சிட்டிங்கில் எங்களைச் சுற்றிலும் ஆண்கள். பஸ் ஸ்டாண்டுகளில் 2015-லேயே பாலூட்டும் அறை திறந்துவிட்டார்கள். ஓடுகிற ரயிலில் எங்கே போவது? நான் துண்டைப் பிரித்து இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்தேன். ஃபேன் காற்றில் அது என் முகத்தைத்தான் மூடியது.

ஜன்னலோரம் ஓர் இளைஞர். கழுத்தில் ஆபீஸ் ஐ.டி. கார்டு, காதில் இயர்போன். சட்டென்று எழுந்தார். எதிர் சீட்காரர்களைப் பார்த்து, "வாங்க ஸார், கதவுகிட்ட கொஞ்சம் காத்து வாங்கலாம்" என்றார். ஒருவர், "இங்கேயே காத்து வருதே தம்பி" என்றார் அப்பாவியாக. தம்பி ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், பே மொத்தமும் காலி! அரியலூர் வரை ஒருவரும் திரும்பவில்லை. அந்தத் தம்பியிடம் பேர்கூடக் கேட்காமல் விட்டது இன்னமும் உறுத்துகிறது.

அடுத்தது டயபர். ரயில் டாய்லெட்டில் குழந்தையைக் கிடத்த ஒரு பலகைகூடக் கிடையாது. சீட்டிலேயே நியூஸ் பேப்பரை விரித்து நானே மாற்றினேன். விருத்தாசலத்தில் ஏறியவர் பேப்பரைப் பார்த்து, "படிச்சாச்சுன்னா குடுங்க ஸார்" என்றார். கொடுக்கவில்லை.

2022 மே மாதம் லக்னோ மெயிலில், லோயர் பெர்த்தை ஒட்டி மடக்கி விரிக்கிற மாதிரி 'பேபி பெர்த்' ஒன்றைப் பரிசோதனைக்காக மாட்டினார்கள். பேப்பரில் படம் பார்த்தபோது என் மகள் பிறந்திருக்கவே இல்லை. பக்கத்தைப் புரட்டிவிட்டேன்!

எழும்பூரில் இறங்கி மெட்ரோ. லிஃப்டில் பூமிக்குள் போனோம். இங்கே தொண்ணூறு சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருந்தால் இலவசம். என் மகள் அறுபத்தாறு. இன்னும் இருபத்துநாலு சென்டிமீட்டருக்குக் கவலையில்லை. பிளாட்பாரத்தில் கண்ணாடித் தடுப்பு. ரயில் வந்து நின்ற பிறகுதான் கதவு திறக்கும் என்பதால், குழந்தையோடு நிற்க பயமில்லை. உள்ளே குளுகுளு. ஏறின உடனே இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். நேரு பார்க், கீழ்ப்பாக்கம், ஷெனாய் நகர்... வழி பூராவும் இருட்டுச் சுரங்கம். அந்த இருட்டில் தன் முகமே ஜன்னலில் தெரிய, அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். எதற்காகப் போகிறோம் என்பது தெரியாத ஒரே ஆள் அவள்தான். அண்ணா நகர் டவர் ஸ்டேஷன் வரும்வரை நானும் மனைவியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எக்கோ எடுத்தார்கள். "சின்ன ஓட்டைதான். இந்த மாதிரி பெரும்பாலும் தானா மூடிக்கும். ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார் டாக்டர். மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். நான் பில் கட்டுகிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். லோயர் பெர்த்தில் அம்மாவும் பெண்ணும். உருண்டு விழாமல் இருக்க நான் கீழே பெட்ஷீட் விரித்து, முதுகை பெர்த்தில் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன். ஸ்ரீரங்கம் வரை சின்னக் கை ஒன்று என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த டிரிப்புக்கு அவளுக்கும் சேர்த்து மூன்று டிக்கெட் போட்டுவிட்டேன்.