212 நாள் ஸ்ட்ரீக்கும் ஒரு உள்ளங்காலும்

போன வருஷம் ஜூன் மாசம், நைட் டூட்டி. மணி 11.35. மெடிக்கல் வார்டு அதிசயமா அமைதியா இருந்துச்சு. நான் வராண்டாவுல இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்துட்டிருந்தேன். வாட்ச்ல 9,300 ஸ்டெப்ஸ். நள்ளிரவுக்குள்ள 10,000 வரணும். வரலைன்னா 140 நாளா காப்பாத்தி வச்சிருந்த ஸ்ட்ரீக் போயிடும்.

பாய் விரிச்சுப் படுத்திருந்த ஒரு அக்கா எழுந்து பக்கத்துல வந்தாங்க. அவங்க அம்மா மூச்சுத் திணறலோட அன்னைக்கு மதியம் அட்மிட் ஆனவங்க. "சார், அம்மாவுக்கு ஏதாச்சும் மோசமா இருக்கா சார்? அரை மணி நேரமா கதவுகிட்ட வர்றதும் போறதுமா இருக்கீங்க. எங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கிறீங்களோன்னு பயமா இருக்கு."

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. உள்ளே கூட்டிட்டுப் போய் அவங்க அம்மாவோட ஆக்சிஜன் அளவைக் காட்டி, "நல்லா இருக்காங்க, நிம்மதியாப் படுங்க"ன்னு அனுப்பி வச்சேன். அவமானமா இருந்துச்சு. ஆனா உண்மையைச் சொல்லிடறேன்: பின்பக்கம் எக்ஸ்ரே ரூம் வழியா போய் மிச்ச ஸ்டெப்ஸையும் முடிச்சிட்டுத்தான் உட்கார்ந்தேன். 11.56க்கு வாட்ச் அதிர்ந்து, கலர் கலரா பட்டாசு வெடிச்சு, பேட்ஜ் கொடுத்துச்சு.

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ஃபிட்னஸ் வாட்ச் கட்டியிருக்கவங்க, வீட்ல அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தவங்க, கொடுக்கலாமான்னு யோசிக்கிறவங்க கடைசி வரைக்கும் படிங்க.

முதல்ல ஒண்ணு. நான் வாட்சுக்கு எதிரி இல்லை. 33 வயசுல எனக்கு ஹெச்பிஏ1சி 6.1 வந்துச்சு. சர்க்கரை நோயின் வாசல்படி. தினம் ஓபியில 100 பேருக்கு "நடங்க, நடங்க"ன்னு சொல்ற ஆள், கார் பார்க்கிங்லேருந்து ஓபிக்கு நடக்கிறதுதான் என் மொத்த நடையா இருந்தேன். வாட்ச் வாங்கின முதல் நாலு மாசத்துல 6 கிலோ குறைஞ்சேன். முதல் பேட்ஜ் வந்தப்ப ஸ்க்ரீன்ஷாட் எடுத்து காலேஜ் குரூப்ல போட்டேன். வெட்கமெல்லாம் படலை. எம்பிபிஎஸ் பாஸ் பண்ணப்போ கூட அவ்வளவு பேர் வாழ்த்தலை.

அப்புறம்தான் மெல்ல மெல்லப் புத்தி மாறுச்சு. 11.50க்குக் கட்டில்ல உட்கார்ந்துட்டே கையை மட்டும் ஆட்டி 200 ஸ்டெப்ஸ் ஏத்தியிருக்கேன். மனைவி பார்த்துச் சிரிச்சாங்க. அது கூடப் பரவாயில்லை. 102 டிகிரி காய்ச்சல்ல, டெங்கு டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துட்டு ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி, ஒரு பாரசிட்டமால் போட்டுக்கிட்டு மொட்டை மாடியில நடந்திருக்கேன். வைரஸ் காய்ச்சல் இருக்கும்போது உடம்பை வருத்தினா அபூர்வமா இதயத் தசையே பாதிக்கலாம்னு எனக்குத் தெரியும். பேஷன்ட் யாராவது இப்படிச் செஞ்சிருந்தா திட்டியிருப்பேன். நான் செஞ்சேன். ஏன்?

ஏன்னா அந்த விளையாட்டை அப்படித்தான் அமைச்சிருக்காங்க. கையில இருக்கிறதை இழக்கிற வலி, புதுசா கிடைக்கிற சந்தோஷத்தை விடப் பெரிசு. 150 நாள் ஸ்ட்ரீக் இருக்கிறவன் இன்னைக்கு நடக்கிறது ஆரோக்கியத்துக்காக மட்டும் இல்லை, 150ஐ தொலைக்காம இருக்கவும்தான். இதைத் தெரிஞ்சே ஆராய்ச்சியிலயும் பயன்படுத்தினாங்க. 2019ல வெளியான ஸ்டெப் அப் ஆய்வுல, அமெரிக்காவுல உடல் எடை அதிகமா இருந்த 602 பேர்ல, விளையாட்டுக் குழுக்கள்ல இருந்தவங்களுக்கு வாரத் தொடக்கத்துலயே 70 புள்ளி கொடுத்துடுவாங்க. இலக்கை முடிக்காத ஒவ்வொரு நாளும் 10 புள்ளி போயிடும். வெண்கலம், வெள்ளி, தங்கம்னு நிலைகள் வேற. வேலை செஞ்சுச்சு. விளையாடினவங்க அதிகமா நடந்தாங்க. விளையாட்டை நிறுத்தின பிறகு 12 வாரம் கவனிச்சாங்க. அப்பவும் குறிப்பிடும்படியா அதிகம் நடந்தது, ஒருத்தரோட ஒருத்தர் போட்டி போட்ட குழு மட்டும்தான்.

இன்னொரு பழைய ஆய்வும் எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். 1973ல வெளியானது. நர்சரிக் குழந்தைகள், ஸ்கெட்ச் பேனாவால ஆசையா படம் வரையறவங்க. "வரைஞ்சா தங்க நட்சத்திரம், ரிப்பன் வச்ச சான்றிதழ் தருவோம்"னு சிலர்கிட்ட முன்கூட்டியே சொல்லிட்டாங்க. கொஞ்ச நாள் கழிச்சுப் பார்த்தா, அந்தக் குழந்தைகள் தானா வரையற நேரம் மத்தவங்களோடதுல ஏறக்குறைய பாதிதான். சொல்லாம திடீர்னு பரிசு கொடுத்த குழந்தைகளுக்கு எந்தக் குறையும் வரலை.

அதனால பேட்ஜே தப்புன்னு சொல்ல முடியுமா? முடியாது. அந்தக் குழந்தைகளுக்கு ஏற்கெனவே ஆசை இருந்துச்சு, பரிசு அதைக் கெடுத்துச்சு. என்னை மாதிரி நடக்கவே நடக்காத ஆளுக்குக் கெட்டுப்போக என்ன ஆசை இருக்கு? ஆரம்பிச்சு வைக்க பேட்ஜ் போதும். அது மட்டுமே எல்லாம் செஞ்சிடும்னு நினைக்கக் கூடாது, அவ்வளவுதான். எடை குறைக்கிற திட்டத்துல இருந்த 471 இளைஞர்களை வச்சு 2 வருஷம் நடந்த ஒரு ஆய்வு 2016ல வந்துச்சு. உடம்புல கருவி மாட்டிக்கிட்டவங்க சராசரியா குறைச்சது 3.5 கிலோ. கருவி இல்லாம வழக்கமான முறையில போனவங்க குறைச்சது 5.9 கிலோ.

சரி, இந்த 10,000 எங்கேருந்து வந்துச்சு? ஜப்பான்ல 1965ல யமாசா கம்பெனி இடுப்புல மாட்டற அடி எண்ணும் கருவி ஒண்ணு வித்தாங்க. பேரு மன்போ-கெய். பத்தாயிரம் அடி மீட்டர்னு அர்த்தம். முந்தின வருஷம் டோக்கியோ ஒலிம்பிக் நடந்து முடிஞ்ச உற்சாகம், உருண்டையா ஒரு எண், நல்லா வித்துச்சு. மருத்துவ ஆய்வு பண்ணிக் கண்டுபிடிச்ச எண் இல்லை. 2019ல, சராசரி வயசு 72 இருக்கிற 16,741 பெண்களை வச்சு வந்த அமெரிக்க ஆய்வுல, தினம் 2,700 அடி நடந்தவங்களை விட 4,400 அடி நடந்தவங்ககிட்ட இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500க்கு மேல போனா கூடுதல் பலன் பெரிசாத் தெரியலை. நம்ம ஊர்ல 2023 நவம்பர்ல மாவட்டத்துக்கு ஒண்ணா 8 கிலோமீட்டர் நடைபாதை திறந்தப்பவும் இந்தப் பத்தாயிரம் கணக்குதான் பேசப்பட்டுச்சு. நடக்கிறது ரொம்ப நல்லது. ஆனா எல்லாக் காலுக்கும் ஒரே எண் கிடையாது.

இப்போ அந்த விஷயத்துக்கு வர்றேன். அடையாளம் தெரியாம சில விவரங்களை மாத்தியிருக்கேன். அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன்.

58, 59 வயசு. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். 14 வருஷமா சர்க்கரை. மாசா மாசம் என்கிட்ட மாத்திரை வாங்க வருவார், நோட்டை நீட்டுவார், நான் எழுதுவேன், போவார். பையன் ஷார்ஜாவுல. லீவுக்கு வந்த நண்பர்கிட்ட அப்பாவுக்கு ஒரு வாட்ச் கொடுத்து விட்டிருந்தான். அப்பா, பையன், மருமகள், இன்னும் ரெண்டு மூணு சொந்தக்காரங்க சேர்ந்து ஒரு சேலஞ்ச்: 30 நாள், தினம் 10,000. அண்ணன் அதைக் காட்டினப்ப நானும் என் வாட்சைக் காட்டினேன். ரெண்டு பேரும் பேட்ஜ் ஒப்பிட்டுப் பார்த்துச் சிரிச்சோம். பின்னாடி வரிசையில நின்னவங்க முறைச்சாங்க.

அடுத்த மாசம் அவரோட மனைவியும் வந்தாங்க. "சாக்ஸ்ல ரத்தம் இருக்கு சார். இவரு வலியே இல்லைங்கறாரு."

செருப்பைக் கழட்டச் சொன்னேன். வலது கட்டைவிரலுக்குக் கீழே, பாரம் விழுற இடத்துல, தோல் தடிச்சு ஆணி மாதிரி இருந்து, அதுக்கு நடுவுல ஒரு ரூபாய் காசு அளவுக்குப் புண். புது ஷூ கொஞ்சம் இறுக்கமாம். நைலான் இழையால உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தேன். 10 இடத்துல 7 இடத்துல அவருக்குத் தெரியவே இல்லை. நரம்பு மரத்துப் போயிருக்கு. ரொம்ப நாளாவே மரத்துப் போயிருக்கணும். நாம கல்லை மிதிச்சா கால் தானா விலகும். அவருக்கு அந்த எச்சரிக்கை வராது. புண்ணு மேலயே தினம் 10,000 தடவை மிதிச்சிருக்கார். ஒவ்வொரு நாளும் வாட்ச் பாராட்டியிருக்கு. வாட்சைக் குத்தம் சொல்ல முடியாது, அது மணிக்கட்டுல இருக்கு. காலைப் பார்க்க வேண்டிய ஆள் நான்.

இங்கேதான் எனக்கு வயிறு கலங்குச்சு. அவர் நோட்டைப் புரட்டினேன். மூணு மாசத்துக்கு முந்தின பக்கத்துல, "தினமும் 10,000 அடி நடக்கவும்"னு என் கையெழுத்துல இருக்கு. கீழே கோடு வேற போட்டிருக்கேன். அன்னைக்கு நான் அவர் செருப்பைக் கழட்டச் சொல்லலை. கூட்டம்தான். கூட்டம் இல்லாத நாள்லயும் நான் அதுக்கு முன்னாடி கழட்டச் சொன்னதில்லை.

"கட்டு போட்டுட்டு நடக்கலாமா சார்? 22 நாள் முடிஞ்சிருச்சு, இன்னும் 8 நாள்தான்"னு கேட்டார். திட்டத் தோணலை. காய்ச்சலோட மொட்டை மாடியில நடந்தவன் எந்த வாயால திட்டறது? "அண்ணே, பேட்ஜுக்காகக் காலை விட்டுடுவீங்களா?"ன்னு மட்டும் கேட்டேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். "பேட்ஜெல்லாம் பிள்ளைங்க வெளையாட்டு சார். நான் முடிச்சா அவனுக்கு அங்க மெசேஜ் போகும். உடனே ஒரு கைதட்டல் போடுவான். முன்னல்லாம் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் போன் வரும். இப்ப தெனமும் ராத்திரி கைதட்டல் வருது."

அவர் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டாங்க.

2023 மார்ச்சுல ஃபிட்பிட் தன்னோட செயலியிலேருந்து சேலஞ்சுகளைத் தூக்கினப்ப, பழைய ஆட்கள் நிறைய பேர் வருத்தப்பட்டாங்க. பெங்குயின் மார்ச் மாதிரி பேட்ஜெல்லாம் இருக்கத்தானே செய்யுது, இதுக்குப் போயா இப்படின்னு நான் அப்போ நினைச்சேன். இவர் சொன்னப்பதான் புரிஞ்சுச்சு. வார வாரம் கூட நடந்த அண்ணன், தங்கச்சி, பழைய ஆபீஸ் நண்பர் இருந்த குரூப் போயிருக்கு.

ஓபியிலேருந்தே பையனுக்கு வீடியோ கால் போட்டோம். புண்ணைக் காட்டினேன். "நல்லதுக்குன்னுதானே சார் வாங்கிக் கொடுத்தேன்"னான். அப்புறம் பேச்சே வரலை. "நானும் நல்லதுக்குன்னுதான் தம்பி எழுதிக் கொடுத்தேன்"னு சொன்னேன்.

எக்ஸ்ரேல எலும்புக்குப் போகலை. அதுதான் அதிர்ஷ்டம். தடிச்ச தோலை எடுத்து, கழுவி, மருந்து கொடுத்து, அந்த இடத்துல பாரம் விழாதபடி கட்டு போட்டோம். நடை முழுசா நிறுத்தம். அப்புறம் எம்சிஆர் செருப்பு. ஆற 11 வாரம் ஆச்சு. சேலஞ்ச் என்ன ஆச்சுன்னா, நாங்க மூணு பேரும் பேசி மாத்தினோம். தினம் ராத்திரி எட்டரைக்கு, அண்ணன் ரெண்டு உள்ளங்காலையும் போட்டோ எடுத்துப் பையனுக்கு அனுப்பணும். கைதட்டல் அதுக்கு.

என் கதை? 212வது நாள் ராத்திரி விஷம் குடிச்ச கேஸ் ஒண்ணு வந்து விடியற வரைக்கும் நிக்க வேண்டியதாப் போச்சு. காலையில பார்த்தா ஸ்ட்ரீக் பூஜ்யம். கோபம் வரும்னு நினைச்சேன், தூக்கம்தான் வந்துச்சு. இப்பவும் வாட்ச் கட்டறேன். இலக்கை 7,000 ஆக்கிட்டேன், நைட் டூட்டி அன்னைக்கும் காய்ச்சல் அன்னைக்கும் கழட்டி வச்சிடறேன். ஆப்பிள் வாட்ச்ல 2024லேருந்து ஸ்ட்ரீக் உடையாமலே ஓய்வு நாள் எடுக்கலாம். உங்க வாட்ச்ல அப்படி ஏதாவது இருந்தா தேடிப் பிடிச்சுப் போட்டுக்கோங்க.

வீட்ல சர்க்கரை இருக்கிறவங்களுக்கு வாட்ச் வாங்கறீங்கன்னா, சேலஞ்ச்ல சேர்க்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை டாக்டர்கிட்ட காலைக் காட்டிடுங்க. டாக்டர் செருப்பைக் கழட்டச் சொல்லலைன்னா நீங்களே கழட்டி நீட்டுங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டோம். தினமும் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்க, குனிய முடியலைன்னா கண்ணாடி வச்சுப் பாருங்க. வெறுங்காலோட நடக்க வேண்டாம். கோயில் பிரகாரத்துல உச்சி வெயில்ல சுத்தி, உள்ளங்கால் வெந்து போறதுகூடத் தெரியாம வந்தவங்களைப் பார்த்திருக்கேன்.

அண்ணன் போன வாரம் வந்தார். நாற்காலியில உட்கார்ந்ததும் கேக்காமலே செருப்பைக் கழட்டினார். புண் இருந்த இடத்துல தழும்பு மட்டும்தான். "இவரு காலைப் போட்டோ எடுக்கிறதே எனக்கு வேலையாப் போச்சு சார்"னு மனைவி சலிச்சுக்கிட்டாங்க. அவர் போனை எடுத்து நீட்டினார். வரிசையா உள்ளங்கால் படமா வந்துட்டே இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் கீழே பையன் போட்ட கைதட்டல். ஒரே ஒரு நாள் மட்டும் கைதட்டல் இல்லை. அதுக்குப் பதிலா, "அப்பா, நகம் வெட்டுங்க."