என் பெயரையும் வக்காலத்தில் சேர்த்தவருக்கு

மதிப்பிற்குரிய சீனியர் அவர்களுக்கு,

நேரில் நன்றி சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். ஊரறிய எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சட்டப் படிப்பை முடித்துவிட்டு, தெரிந்த வக்கீல் ஒருவர்கூட இல்லாமல் நிற்கும் பிள்ளைகளும், அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்கும் சீனியர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

டாக்டருக்குப் படித்தவர்களுக்கு ஹவுஸ் சர்ஜன் காலம் இருக்கிறது. ஆடிட்டராக வேண்டுமானால் ஆர்ட்டிகிள்ஷிப் கட்டாயம். வக்கீலுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் முதலில் பயிற்சி நிபந்தனை இருந்தது. 1973-இல் திருத்தம் செய்து அதை எடுத்துவிட்டார்கள். 1995-இல் இந்திய பார் கவுன்சில் ஓராண்டுப் பயிற்சியை விதியாகக் கொண்டுவந்தது; அப்படி விதி செய்யும் அதிகாரம் கவுன்சிலுக்கு இல்லை என்று 1999-இல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆக, என்ரோல் ஆகலாம், அகில இந்திய பார் தேர்வு எழுதித் தேறலாம். ஆனால் ஒரு பிராதை எப்படி எழுதுவது என்று எனக்குச் சொல்லித்தர வேண்டிய கடமை சட்டப்படி யாருக்கும் இல்லை. ஒரு சீனியர் மனம் வைத்தால்தான் உண்டு. நீங்கள் மனம் வைத்தீர்கள்.

உங்களிடம் வருவதற்கு முன் சில ஆஃபீஸ்களில் ஏறி இறங்கியிருந்தேன். "அப்பா என்ன பண்றார், சொந்தத்துல யாராச்சும் வக்கீலா?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. அப்பாவுக்குத் திருமங்கலத்தில் தையல் கடை. எங்கள் குடும்பத்தில் கோர்ட்டு வாசலை மிதித்தவர்களே இல்லை. கல்யாணம் ஆனால் நின்றுவிடுவேன் என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

மதுரை கே.கே. நகர் ஆஃபீஸில் நீங்கள் அதையெல்லாம் கேட்கவில்லை. ஒரு கேஸ் கட்டை என் பக்கம் நகர்த்தி, "இதைப் படிச்சு, எது எந்தத் தேதியில நடந்ததுன்னு வரிசையா எழுதுங்கம்மா" என்றுவிட்டு, காத்திருந்த கட்சிக்காரரைக் கவனிக்கப் போனீர்கள். உள்ளே ஒரு கிரைய ஒப்பந்தம், முன்பண ரசீதுகள், வக்கீல் நோட்டீஸ், எதிர்த்தரப்பின் பதில் நோட்டீஸ், அது வந்த தபால் கவர். கட்சிக்காரர் அந்தக் கவரைத் தூக்கிப் போடாமல் நோட்டீஸோடு சேர்த்துக் குண்டூசி குத்தி வைத்திருந்தார். திரும்பி வந்து நான் எழுதியதைப் பார்த்தீர்கள்.

"இதுல முக்கியமான தேதி எது?"

கவரில் இருந்த தபால் முத்திரையைக் காட்டினேன். "கிரையத்துக்குக் கெடு தேதி போடலை சார். அப்ப, எழுதித் தர மாட்டேன்னு சொன்னது நம்ம கட்சிக்காரருக்குத் தெரிஞ்ச நாள்லேர்ந்துதான் வழக்குப் போட மூணு வருஷம் ஓடும்."

காலவரையறைச் சட்டத்தை எடுத்து, 54-ஆவது இனத்தை விரித்து, வாய்விட்டுப் படிக்கச் சொன்னீர்கள். படித்து முடித்ததும், "திங்கக்கிழமையிலேர்ந்து வர முடியுமா?" என்றீர்கள். அவ்வளவுதான் இன்டர்வியூ. ஐந்து வருடப் படிப்பை யாரோ ஒருவர் மதித்த முதல் நாள் அது.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். நம் தொழிலில் இதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. "எங்களுக்கு யார் கொடுத்தாங்க?" என்று அப்போது பலர் கேட்டார்கள். நான் சேர்ந்தது அதற்கு முன்னால். அப்போதே, நான் கேட்காமலேயே, விடுதி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போக வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்புகிற அளவுக்குக் கொடுத்தீர்கள். ஜூனியருக்குக் காசு தராத தொழிலில், காசுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் தாக்குப்பிடிப்பார்கள். நாளைக்கு அரசு வக்கீல்களாகவும் நீதிபதிகளாகவும் வரப்போகிறவர்கள் இன்றைய ஜூனியர்கள்தான். அதனால் இது ஒரு ஆஃபீஸின் கணக்கு வழக்கு மட்டுமல்ல.

பிறகு அந்த வக்காலத்து. உங்கள் பெயருக்குக் கீழே என் பெயரையும் என்ரோல்மென்ட் எண்ணையும் டைப் செய்யச் சொன்னீர்கள். வருடக்கணக்கில் உழைத்தும் தங்கள் பெயர் ஒரு வக்காலத்திலும் வராத ஜூனியர்களை எனக்குத் தெரியும். "சார் வரலையா?" என்று கட்சிக்காரர் முகம் சுருங்கியபோது, "கட்டு முழுக்கப் படிச்சது அவங்கதான், அவங்ககிட்டயே பேசுங்க" என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்த்தீர்கள். அன்றிலிருந்து அவர் என்னிடம்தான் வாய்தா தேதி கேட்கிறார்.

2024 ஜூலை 1 அன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது நீங்கள் செய்ததை மற்ற சீனியர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பழைய பிரிவு எண்கள் உங்களுக்கு மூச்சு மாதிரி. கொலைக்கு 302 என்பது 103 ஆனது. மோசடிக்கு 420 என்பது 318 ஆனது. வழக்கை ரத்து செய்யக் கோரும் மனுவுக்கு இருந்த 482, 528 ஆகிவிட்டது. அந்த 482-இல் இப்போது முன்ஜாமீன் வந்து உட்கார்ந்திருக்கிறது. புது மூலச் சட்டப் புத்தகங்களை வாங்கி வந்து, கட்சிக்காரர்கள் போன பிறகு எங்களோடு உட்கார்ந்து பிரிவு பிரிவாகப் படித்தீர்கள். தெரியாததை "தெரியலை, பாருங்க" என்று எங்களிடமே கேட்டீர்கள். இந்த வயதில், இத்தனை பெயர் எடுத்த பிறகு, ஜூனியர்கள் முன்னால் அப்படிக் கேட்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

குமாஸ்தா அண்ணனுக்கும் இந்தக் கடிதத்தில் இடம் வேண்டும். பேட்டா கட்டுவது, நகல் மனு போடுவது, ரிட்டர்ன் ஆன பேப்பரில் ஆட்சேபணையைச் சரிசெய்து திரும்பத் தாக்கல் செய்வது எல்லாம் அவர் கற்றுக்கொடுத்தவை. எந்தக் கல்லூரியிலும் அதற்கு வகுப்பு இல்லை. என்னை அவரோடு கோர்ட்டு செக்‌ஷன்களுக்கு அனுப்பியது நீங்கள்தான்.

உயர் நீதிமன்றக் கிளையில் தாமத மன்னிப்பு மனு ஒன்றை என்னையே வாதாட விட்ட நாளில் நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். நீதிபதி ஒரு கேள்வி கேட்டதும் உங்கள் பக்கம் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை நீங்கள். எனக்குப் பதில் தெரியும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. சொன்னேன், மனு அனுமதிக்கப்பட்டது. அன்று எழுந்து நீங்களே பதில் சொல்லியிருந்தாலும் மனு ஜெயித்திருக்கும். ஆனால் அடுத்த முறையும் நான் உங்கள் பக்கம்தான் திரும்பிப் பார்த்திருப்பேன்.

என் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் ஒரு மாணவி, நம் ஆஃபீஸில் சேர முடியுமா என்று என்னிடம் கேட்டாள். அவள் அம்மா பூக்கடை வைத்திருக்கிறார். தேர்வு முடிந்ததும் உங்களை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கோர்ட்டு முடிந்து நீங்கள் ஆஃபீஸ் திரும்பும் ஆறு மணிக்கு மேல் வருவாள்.

உங்கள் ஜூனியர்
மதுரை