பனிநாட்டில் ஒரு பசுஞ்சோலை

உலகம் சூடேறி வருகிறது என்று வானொலியிலும் நாளிதழிலும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் சூட்டினாலேயே ஒரு நாட்டில் குளிர் கூடலாம் என்றால் நம்புவீர்களா? அடுப்பு மூட்டினால் வீடு குளிரும் என்பதுபோல் இருக்கிறதல்லவா? வாருங்கள், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு ஒரு நடை போய் வருவோம். அந்நாளில் நம் தோட்டங்களை நடத்திய துரைமார் பலருக்கு அதுவே சொந்த நாடு.

இன்வர்னஸ் நகரிலிருந்து மலையும் ஏரியுமாய்ப் பாதை மேற்கே செல்கிறது. நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் பூல்யூ என்ற சிற்றூர் வரும். அங்கே கடல் நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் கரையில் இருக்கிறது இன்வர்யூ தோட்டம். மாஸ்கோ நகரைவிட வடக்கே உள்ள இடம் இது. ஆனால் உள்ளே பாருங்கள்! நியூசிலாந்திலிருந்து வந்த, பனைபோல் தோன்றும் மரங்கள், ஆஸ்திரேலிய யூகலிப்டஸ், கேமரன் மலைப் பாதையோரத்தில் நாம் காண்பதுபோல் மரமாய் நிமிர்ந்த பெரணிகள்!

1862-ஆம் ஆண்டில் ஆஸ்குட் மெக்கன்சி என்பவர் தொடங்கியபோது இது மரமற்ற பாறை மேடு. மண்ணைக் கூடை கூடையாய்ச் சுமந்து கொட்டினார்கள். கடற்காற்றைத் தடுக்கப் பைன் மரங்களை வேலியாக நட்டார்கள். அவை வளர்ந்து காற்றை மறிக்க ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆயின. ரப்பர் கன்று நட்டுப் பால் காண ஆறேழு ஆண்டுகள் காத்திருந்த நமக்கு அந்தப் பொறுமையின் அருமை தெரியும். 1952-இல் அவர் மகள் இத்தோட்டத்தை ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்.

இதே அட்லாண்டிக் கடலின் மறுகரையில், கனடாவில், நைன் என்ற ஊர் இருக்கிறது. அது இன்வர்யூவைவிடச் சற்றுத் தெற்கே உள்ளது. ஆனால் அங்கே ஜனவரியில் சராசரி வெப்பம் உறைநிலைக்கு 15 டிகிரிக்கும் கீழே போய்விடும், கடலே உறைந்துவிடும். இன்வர்யூ பகுதியிலோ உறைநிலைக்கு மேலே நான்கைந்து டிகிரி! ஏன் இந்த வேறுபாடு?

நைனுக்குக் குளிர்ந்த நிலத்திலிருந்து காற்று வருகிறது. இன்வர்யூவுக்கு மேற்குக் காற்று கடலின் வெப்பத்தைச் சுமந்து வருகிறது. அந்தக் கடலுக்கு வெப்பம் கொடுப்பது, வெப்பநாட்டுப் பக்கமிருந்து வடக்கே ஓடும் பெரிய நீரோட்டம். வடக்கே போனதும் நீர் குளிர்கிறது, உப்பும் மிகுதி. உப்புக் கரைத்த நீரில் முட்டை மிதக்கும், வெறும் நீரில் மூழ்கும் என்பது தாய்மார்களுக்குத் தெரியும். உப்புநீர் அவ்வளவு கனம்! குளிர்ந்த உப்புநீர் கனத்து ஆழத்தில் இறங்கித் தெற்கே திரும்புகிறது. அது இறங்க இறங்க, மேலே வெந்நீர் அதன் இடத்துக்கு வருகிறது.

இனி அடுப்புக் கணக்குக்கு வருவோம். உலகச் சூட்டில் கிரீன்லாந்தின் பனிப்பாறைகள் உருகி நன்னீர் கடலில் கலக்கிறது. நன்னீர் லேசானது, எளிதில் இறங்காது. ஆகவே நீரோட்டம் தளரக்கூடும். சிறிது தளர்ந்தால் உலகச் சூடே அதை ஈடுகட்டிவிடும். பெரிதும் தளர்ந்தால் வடமேற்கு ஐரோப்பாவின் குளிர்காலம் கடுமையாகும்.

இது வெறும் கற்பனையன்று. சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன், உலகம் சூடேறி வந்த காலத்தில், திடீரென்று குளிர் திரும்பியது. ஸ்காட்லாந்து மலைகளில் பனியாறுகள் மீண்டும் வளர்ந்தன. இந்த நீரோட்டம் தளர்ந்ததே காரணம் என்பது அறிஞர் பலரின் கருத்து. 2004 முதல் அட்லாண்டிக் கடலின் குறுக்கே கருவிகளை நிறுத்தி அதன் வேகத்தை அளந்து வருகிறார்கள். இந்த நூற்றாண்டில் அது தளர்வது பெரும்பாலும் உறுதி என்று ஐக்கிய நாடுகளின் பருவநிலைக் குழு 2021-இல் கூறியது. 2100-க்குள் அது திடீரென நின்றுவிடாது என்றே அக்குழு கருதியது. எனினும் அதை முழு உறுதியோடு சொல்லவில்லை.

“எங்கோ குளிர்ந்தால் நமக்கென்ன?” என்று கேட்காதீர்கள். அந்த நீரோட்டம் நின்றால் வெப்பநாடுகளின் மழைப் பட்டையே தெற்கே நகரும் என்கிறார்கள். மழை விழுந்த காலையில் பால்வெட்டு இல்லை, கூலியும் இல்லை. மழை பொய்த்தால் செம்பனையில் குலை குறையும். மழை இடம் மாறினால் என்ன ஆகும் என்பதைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மெக்கன்சியின் பைன் வேலி இன்றும் காற்றைத் தடுத்து நிற்கிறது. ஆனால் கடல் குளிர்ந்தால், அதற்கு வேலி ஏது?