பெரியப்பாவின் டூப்ளிகேட் லென்ஸ்

எங்க பெரியப்பா ராஜபாளையத்துல ஸ்டூடியோ வச்சிருந்தவர். 1986-ல, மேற்கு ஜெர்மனியில இருந்து லீவுக்கு வந்த ஒருத்தர்கிட்ட, பெரியம்மா வளையலை அடகு வச்சு 50 எம்எம் லென்ஸ் ஒண்ணு வாங்கினார். கார்ல் ஜெய்ஸ்னு சொல்லித்தான் வித்தாராம். ஆனா முன்வளையத்துல ஜெய்ஸ்ங்கிற பேரே இல்லை. ‘ஆவ்ஸ் யேனா’, பக்கத்துல ஒத்தை எழுத்து ‘டி’, அப்புறம் 2.8/50. அவ்ளோதான்.

மதுரையில ஒரு கடைக்காரர் பார்த்துட்டு, “நல்லா ஏமாந்துட்டீங்கண்ணே, டூப்ளிகேட்”னு சிரிச்சிருக்கார். அன்னிக்கு பீரோவுக்குள்ள போனதுதான். வளையலும் மூழ்கிடுச்சு. பெரியம்மா எந்தச் சண்டையையும் அந்த வளையல்ல இருந்துதான் ஆரம்பிப்பாங்க.

போன பொங்கலுக்கு அது என் கையில சிக்குச்சு. (பொட்டி தட்டுறவனுக்குப் பழைய லென்ஸ் பைத்தியம் வேற!) கொஞ்சம் நோண்டினதுல கதையே வேற.

ஜெய்ஸ் கம்பெனியோட சொந்த ஊர் யேனா. 1945-ல அமெரிக்க ராணுவம் அந்த ஊரை ரஷ்யாக்காரங்ககிட்ட விட்டுட்டுக் கிளம்பும்போது, முக்கியமான ஆட்களைக் கையோட கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவங்க மேற்கே ஓபர்கோகன்ல புதுசா ஆரம்பிச்சாங்க. தாய் வீடு கிழக்கு ஜெர்மனியில. ஒரே பேர், ரெண்டு கம்பெனி. வருஷக்கணக்கா கோர்ட், வக்கீல். 1971-ல லண்டன்ல ஒப்பந்தம் போட்டு, எந்த நாட்டுல யார் அந்தப் பேரைப் போடலாம்னு பிரிச்சுக்கிட்டாங்க. மேற்கு ஜெர்மனி மாதிரி இடங்களுக்குப் போற யேனா லென்ஸ்ல ஜெய்ஸ்னு போட முடியாது. டெஸ்ஸார்ங்கிற பேரும் கூடாது. அதான் வெறும் ‘டி’. சோனாருக்கு ‘எஸ்’. ஆவ்ஸ் யேனான்னா ‘யேனாவிலிருந்து’ன்னு அர்த்தம். அதே ஃபேக்டரி, அதே கண்ணாடி!

இதை ஸ்ரீவில்லிபுத்தூர் போற பஸ்ல பெரியப்பாவுக்கு விளக்கினேன். புரிஞ்ச மாதிரி தெரியலை. இறங்கினதும் எதிர்ல பால்கோவா கடை. 2019-ல புவிசார் குறியீடு கிடைச்ச சரக்கு. “அசல் கடைக்காரர் கேஸ்ல தோத்து, டப்பாவுல ஊர் பேரும் ‘பா’வும் மட்டும்தான் போடலாம்னு ஆயிட்டா எப்படி இருக்கும் பெரியப்பா?”னேன். அப்படியே நின்னுட்டார். “அப்ப அவன் என்னை ஏமாத்தலையா?”

அடாப்டர் போட்டு கேமராவை அவர் கையில கொடுத்தேன். ஆண்டாள் கோயில் கோபுரத்துக்கு முன்னாடி பெரியம்மாவை நிக்க வச்சு, ஃபோகஸ் வளையத்தை ரெண்டு விரலால திருகினார். நாலு படம். நாலும் பளிச்.

விஷயத்தைக் கேட்ட பெரியம்மா, “அசல்தானா? சரி, வளையல் எங்கே?”ன்னாங்க.