வால்யூம்

டிசம்பர் 25, சாயங்காலம். செந்துறை கடைத்தெருவில் வேப்பமரத்தில் ஒரு ஹாரன், விளக்குக் கம்பத்தில் இன்னொன்று. நடுவே ஃபிளெக்ஸ். ‘வெண்மணி தியாகிகள் நினைவுக் கூட்டம்.’ தலைவர்கள் கலரில் சிரிக்கிறார்கள். கீழ் மூலையில் வெண்மணியில் எரிந்த இராமையாவின் குடிசை, கறுப்பு வெள்ளையில். பக்கத்தில் சிவப்பாக 44. அதற்கும் கீழே 25.12.1968.

பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டாயிற்று. பேச்சாளர் வந்து சேரவில்லை. அரியலூர் தாண்டிவிட்டாராம். அரைமணி நேரமாகத் தாண்டிக்கொண்டே இருக்கிறார்.

சவுண்டு சர்வீஸ்காரர் பென்டிரைவைச் செருகுகிறார். கல்யாணம், காதுகுத்து, சாவு, கட்சி, இயேசு. காலையில் இயேசு ஓடியது. இப்போது கட்சி.

‘மனுசங்கடா’ தொடங்குகிறது. இன்குலாப் எழுதியது, கே.ஏ. குணசேகரன் குரல். இருவருமே 2016-இல் போய்விட்டார்கள், ஒருவர் ஜனவரியில், மற்றவர் டிசம்பரில். பாட்டு போகவில்லை.

சவுண்டு சர்வீஸ்காரர் பீடியைக் காதில் செருகிக்கொள்கிறார். விரல்கள் வால்யூம் மேல் இருக்கின்றன. பாட்டில் ஒரு இடத்தில் ஒரு கெட்ட வார்த்தை வரும். எதிர்ப்பக்கம் பைக்கில் சாய்ந்தபடி ஒரு போலீஸ்காரர். வார்த்தை வருகிறது. விரல் திரும்புகிறது. ஹாரன் முனகுகிறது. விரல் மறுபடி திரும்புகிறது. போலீஸ்காரர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பசை வாளியோடு ஒரு பையன் போகிறான். கக்கத்தில் போஸ்டர் சுருள். ஏதோ ஒரு தலைவரின் பிறந்தநாள். பாட்டில் போஸ்டர் ஒட்டுவது வரும் இடத்தில் நிற்கிறான். பசை சொட்டுகிறது. “நம்மள சொல்றான்யா” என்று யாரிடமும் இல்லாமல் சொல்கிறான். அடுத்த சுவருக்குப் போகிறான்.

பாட்டு முடிகிறது. பேச்சாளர் வரவில்லை. அதே பாட்டு.

கல்லூரிப் பையன் ஒருவன் சிவப்புத் துண்டுக்காரரிடம் குனிகிறான்.

“சினிமாவுல வர்ற பாட்டாண்ணே?”

“படத்துக்கு எவ்வளவோ முந்தினது தம்பி. இது வெண்மணி.”

“வெண்மணின்னு பேரே வரலையேண்ணே.”

“தீ வருதுல்ல? வேற என்ன வேணும்?”

பின்வரிசையில் ஒரு கிழவர். மடியில் முந்திரிக்கொட்டைப் பை. பாட்டில் குளப்பாடி என்ற ஊர்ப் பெயர் வந்ததும் தலை நிமிர்கிறார்.

“அது தீ இல்ல. கெணறு. குளிக்கப்போன புள்ளைங்க. தண்ணியில கரண்ட்டு.”

“இன்னைக்கு வெண்மணி, தாத்தா.”

“நாங்க கெணத்துலதான் நீச்சப் பழகுனோம்.”

துண்டுக்காரர் பதில் சொல்லவில்லை. கிழவரும் எதிர்பார்க்கவில்லை. பையை இறுக்கிக்கொள்கிறார்.

மறுபடி அந்த இடம் நெருங்குகிறது. விரல் தயார். அதற்குள் சிமென்ட் ஆலைக்குப் போகும் சுண்ணாம்புக்கல் லாரி திருப்பத்தில் ஹாரன் அடிக்கிறது. வார்த்தை லாரிக்கு அடியில் போகிறது. விரலுக்கு வேலையில்லை. நாற்காலிகள் மேல் வெள்ளைப் புழுதி இறங்குகிறது. துண்டுக்காரர் முதல் வரிசையை மட்டும் துடைக்கிறார்.

மூன்றாம் முறை. போலீஸ்காரருக்கு டீ வருகிறது. அவர் கால் தாளம் போடுகிறது. கவனித்துவிட்டு நிறுத்துகிறார்.

நாற்காலி காலியாக இருந்தும் தரையில் உட்கார்ந்திருக்கிறாள் ஒரு ஆயா. வெற்றிலை இடிக்கிறாள். தஞ்சாவூர்ப் பக்கம் கதிரறுக்கப் போனவள். அவளுக்கு இது தீப் பாட்டும் இல்லை, கிணத்துப் பாட்டும் இல்லை.

“கூலிப் பாட்டு இது. அரப்படி நெல்லு கூடக் கேட்டாங்க. அதுக்குத்தான் அம்புட்டும்.”

பேத்தி தலையாட்டுகிறாள். போனில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

அந்த இடம். விரல் திரும்புகிறது. ஹாரன் அடங்குகிறது. உலக்கை நிற்கிறது. விட்டுப்போன வார்த்தையை ஆயா சொல்கிறாள், முழுசாக, தெருவுக்கே கேட்க. சிரிப்பு. பேத்தி வாயைப் பொத்துகிறாள், தன் வாயை. சவுண்டு சர்வீஸ்காரர் போலீஸ்காரரைப் பார்க்கிறார். போலீஸ்காரர் டீ கிளாஸைப் பார்க்கிறார். இடிப்பு தொடர்கிறது.

வெள்ளைக் கார் வருகிறது. பாட்டு பாதியில் அறுகிறது. சால்வைகள். வரவேற்புரை பேச்சாளரை விட நீளம்.

பேச்சாளர் மைக்கைத் தட்டுகிறார். பழைய தஞ்சை மாவட்டம் என்கிறார். செங்கொடிச் சங்கம், நெல் உற்பத்தியாளர் சங்கம் என்கிறார். ஒரே குடிசைக்குள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் என்கிறார். நாற்காலிகள் அசையவில்லை. பிறகு 1973, உயர் நீதிமன்றம், விடுதலை. குரலை இறக்குகிறார். பெரும் நிலம் வைத்திருந்த பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்றதாம் நீதிமன்றம். அவர்களில் ஒருவரிடம் காரே இருந்ததையும் எடுத்துச் சொன்னதாம்.

கைத்தட்டுவதா வேண்டாமா என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் தட்டுகிறார்கள். நிறுத்துகிறார்கள். போலீஸ்காரர் நோட்டில் நேரம் குறிக்கிறார்.

அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் சிறுவன் குனிந்து கேட்கிறான்.

“என்ன காருப்பா?”

அப்பா யோசிக்கிறார்.

“அம்பாசிடரா இருக்கும்.”